79 டிகிரி 41 நிமிடமும் ஒரு குச்சி நிழலும்

காளஹஸ்தி, காஞ்சி ஏகாம்பரநாதர், சிதம்பரம் மூன்றும் ஒரே தீர்க்கரேகையில், 79 டிகிரி 41 நிமிடத்தில் இருக்கின்றன என்ற பதிவு மறுபடியும் சுற்றுக்கு வந்துவிட்டது. "செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் இது எப்படி?" என்ற வழக்கமான கேள்வியோடு. எண் பொய்யில்லை. 79.698, 79.700, 79.694 என்று மூன்றும் 700 மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பஞ்சபூதத் தலங்கள் ஐந்துமே அந்தக் கோட்டில் உள்ளன என்று சிலர் நீட்டுவதுதான் பொய். திருவண்ணாமலை அதற்கு மேற்கே சுமார் 69 கிலோமீட்டர், திருவானைக்காவல் சுமார் 108 கிலோமீட்டர்.

பொய்யைக்கூட விட்டுவிடலாம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒரே மாதிரியான இரண்டு எண்கள், ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு மற்றதும் தெரிந்திருக்கும் என்ற நினைப்புதான் எனக்கு உறுத்துகிறது. பழைய உலகில் ஒன்று குச்சி வேலை, மற்றது ஏறக்குறைய முடியாத காரியம். இந்த வித்தியாசம் புரியாமல் முன்னோரைப் பாராட்டுவது, சமையலில் எது கஷ்டம் என்று தெரியாமல் சாப்பாட்டைப் புகழ்வது மாதிரி.

முதலில் குச்சி. சமதரையில் செங்குத்தாக ஒரு குச்சி நட வேண்டும். தரை சமமா என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள், குச்சி நேரா என்று தூக்குக்குண்டு சொல்லும். குச்சியை மையமாக வைத்து ஒரு வட்டம். காலையில் நிழல் நுனி சுருங்கிச் சுருங்கி வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் வெளியேறும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு, அதன் நடுவில் செங்குத்தாக இழுத்தால் வடக்கு தெற்கு. நம் சிற்ப நூல்களில் இருக்கும் சங்குத் தாபனம், அதாவது குச்சி நடும் முறை, இதுதான். இரண்டு கோல் நட்டு, நண்பகலில் நிழல் எந்தப் பக்கமும் சாயாத நேரம் பார்த்து, நூலறி புலவர் கயிறு பிடித்து அரண்மனைக்குத் திசை குறித்ததை நெடுநல்வாடை சொல்கிறது. இந்த வேலைக்குத் தீர்க்கரேகை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதே குச்சி அட்சரேகையையும் கொடுத்துவிடும். இரவும் பகலும் சமமாகும் நாளில், நண்பகல் நிழலைக் குச்சியின் உயரத்தால் வகுத்தால் வருவது அட்சரேகையின் டேஞ்சன்ட். சித்தாந்த நூல்கள், அதாவது நம் பழைய வானியல் நூல்கள், 12 அங்குலக் குச்சியை வைத்து இந்த நிழலையே ஊரின் முகவரியாகச் சொல்கின்றன. காஞ்சிக்கு 2.74 அங்குலம், சிதம்பரத்துக்கு 2.42, உஜ்ஜயினிக்கு 5.14. செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 120 சென்டிமீட்டர் குச்சிக்குச் சென்னையில் சுமார் 28 சென்டிமீட்டர், மதுரையில் 21, யாழ்ப்பாணத்தில் 20.5 நிழல் வர வேண்டும். கைக்கடிகாரம் 12 காட்டும்போது அளக்காதீர்கள். சென்னையில் மார்ச் 20 அன்று சூரிய நண்பகல் சுமார் 12.16க்கு, செப்டம்பர் 23 அன்று சுமார் 12.01க்கு.

எங்கே தப்பு வரும்? நிழல் நுனி கூர்மையாக இருக்காது. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் நிழலின் ஓரம் மங்கி விரியும். பெரிய குச்சி வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. குச்சி பத்து மடங்கானால் மங்கலும் பத்து மடங்கு. அளவுகோலைப் படிக்கும் பிழைதான் குறையும். கண் பெரும்பாலும் முழு இருட்டு முடியும் இடத்தை நுனி என்று எடுத்துக்கொள்ளும். அது சூரியனின் மையத்துக்கு உரிய நிழல் அல்ல, மேல் விளிம்புக்கு உரியது. விளைவு, அட்சரேகை கால் டிகிரி குறைந்துவிடும். பழைய கிரேக்க வானியலாளர் தாலமி தன் சொந்த ஊரான அலெக்சாந்திரியாவுக்குக் கொடுத்த மதிப்பு 30 டிகிரி 58 நிமிடம், உண்மை 31 டிகிரி 12 நிமிடம். குறைவு 14 நிமிடம், சூரியத் தட்டில் ஏறத்தாழ சரிபாதி. காரணம் இதுவாக இருக்கலாம். குச்சியின் உச்சியில் சிறு துளையிட்ட தகட்டைப் பொருத்தி, கீழே விழும் ஒளிவட்டத்தின் மையத்தை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

இந்தக் குறையோடும் குச்சி என்ன சாதித்தது பாருங்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் மஸ்ஸாலியாவைச் சேர்ந்த கிரேக்கக் கடலோடி பிதியாஸ், கோடைச் சூரியன் வட எல்லையைத் தொடும் நாளில் குச்சிக்கும் நிழலுக்கும் உள்ள விகிதம் 120க்கு 41.8 என்று அளந்தார். அந்த விகிதம் தரும் கோணம் 19.2 டிகிரி. அதோடு அன்றைய சூரியச் சாய்வை, அதாவது சூரியன் நடுக்கோட்டிலிருந்து வடக்கே விலகிய 23.7 டிகிரியை, கூட்டினால் 42.9 வரும். மேல் விளிம்புப் பிழையைத் திருத்தினால் 43.2. மஸ்ஸாலியா என்பது இன்றைய மார்செய் நகரம், அது இருப்பது 43.3இல். ஆனால் இதே விகிதம்தான் பைசாந்தியத்துக்கும் என்று கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் எழுதினாராம், புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்கிறார். பைசாந்தியம், அதாவது இஸ்தான்புல், இருப்பது 41இல். இரண்டு டிகிரி தப்பு, தாலமியின் பட்டியலிலும் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அளந்த ஊருக்கும் அளக்காத ஊருக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

சரி, தீர்க்கரேகை. பூமி சுழல்வதால் துருவம் உண்டு, நடுக்கோடு உண்டு, அட்சரேகைக்குத் தொடக்கம் இயற்கையே தந்துவிட்டது. கிழக்கு மேற்காக அப்படி எதுவும் இல்லை. உங்கள் ஊர் வானத்தைத்தான் சில மணி நேரம் கழித்து உங்களுக்கு மேற்கே அதே அட்சரேகையில் இருப்பவரும் பார்ப்பார். ஆகவே தீர்க்கரேகை என்பது நேர வித்தியாசம், வேறொன்றுமில்லை. 4 நிமிடத்துக்கு 1 டிகிரி, ஒரு நாழிகைக்கு (24 நிமிடம்) 6 டிகிரி.

வழிமுறை ஹிப்பார்க்கஸுக்கு கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே தெரியும். சந்திர கிரகணத்தில் நிலவின் மீது பூமியின் நிழல் விழும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றே. இரண்டு ஊரில் இருவர் அந்தக் கணத்தைத் தங்கள் உள்ளூர் நேரத்தில் குறித்துக்கொண்டால் போதும். கொள்கையில் ஒரு ஓட்டையும் இல்லை. சூரிய சித்தாந்தமும் இதையே சொல்கிறது: உஜ்ஜயினி வழியே போகும் மூலக் கோட்டுக்குக் கிரகண நேரத்தைக் கணித்துக்கொள், உன் ஊரில் பார், கணித்ததைவிடத் தாமதமாகத் தெரிந்தால் நீ கிழக்கே இருக்கிறாய். பிறகு பூமியின் சுற்றளவை உன் அட்சரேகைக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டு நாழிகையை யோசனை என்ற தூர அளவாக மாற்று. பூமியின் விட்டம் 1600 யோசனை, அதை 10இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் சுற்றளவு சுமார் 5060. காஞ்சியின் அட்சரேகையில் அது 4933 ஆகச் சுருங்கும், ஒரு நாழிகைக்கு 82 யோசனை.

கஷ்டமெல்லாம் கையில்தான். பூமி நிழலின் விளிம்பும் மங்கல், வெறுங்கண்ணால் பார்த்தால் சில நிமிடம் முன்பின் ஆகும். அடுத்தது கடிகாரம். நாழிகை வட்டில், முல்லைப்பாட்டு சொல்லும் குறுநீர்க் கன்னல், இவையெல்லாம் நீரை நம்பியவை. நீர் குளிர்ந்தால் ஓட்டம் மந்தமாகும், பாத்திரத்தில் மட்டம் இறங்கினாலும் மந்தமாகும், துளையில் அழுக்கு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சூரியன் மறைந்த கணத்தில் தொடங்கி நள்ளிரவு வரை வட்டிலை மாற்றி மாற்றி எண்ணினால் பிழையும் கூடிக்கொண்டே போகும். ஆனால் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தப் பக்கம், ஆயிரம் மைல் தள்ளி, அதே இரவு விழித்திருந்து நேரம் குறிக்க ஒரு ஆள் வேண்டுமே!

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்றைய இராக்கில் உள்ள அர்பேலா சாட்சி. கி.மு. 331 செப்டம்பர் 20, அலெக்சாந்தர் பாரசீக மன்னன் டாரியஸோடு மோதுவதற்குச் சில நாள் முன்பு சந்திர கிரகணம். அர்பேலாவில் ஐந்தாம் மணியில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இரண்டாம் மணியில் தெரிந்தது என்று தாலமி எழுதுகிறார். 3 மணி, அதாவது 45 டிகிரி. உண்மையில் இரண்டுக்கும் இடையே 34 டிகிரிதான், 2 மணி 15 நிமிடம். அந்தக் காலத்து மணி பருவத்துக்குப் பருவம் நீளும் குறுகும் என்ற சமாதானமும் செல்லாது. செப்டம்பர் 20 சம இரவு நாளை ஒட்டியது. இதே கிரகணம் அர்பேலாவில் இரவின் இரண்டாம் மணியில், சிசிலியில் நிலவு எழும்போது தெரிந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் செய்தி உண்மைக்கு எவ்வளவோ பக்கம். போருக்குப் போனவர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்த நேரத்தை வைத்து உலகப்படம் போட வேண்டிய நிலை.

தாலமி கி.பி. 150 வாக்கில் ஏறத்தாழ 8000 இடங்களுக்கு இரண்டு எண்களும் கொடுத்தார். பாண்டியரின் மதுரையும் அதில் உண்டு. ஆனால் தீர்க்கரேகைகளில் பெரும்பாலானவை வானத்திலிருந்து வந்தவை அல்ல, வணிகரும் மாலுமிகளும் சொன்ன நாள் கணக்கிலிருந்து வந்தவை. தூரத்தை டிகிரியாக்கப் பூமியின் அளவு வேண்டும். முன்பே பூமியின் சுற்றளவைக் கணித்த எரடோஸ்தனீஸ் வழியில் போனால் ஒரு டிகிரிக்கு 700 ஸ்டேடியா (கிரேக்கத் தூர அளவு). (அவருமே அஸ்வான் அலெக்சாந்திரியாவுக்கு நேர் தெற்கே என்றுதான் நம்பினார், 3 டிகிரி தள்ளி இருக்கிறது.) தாலமி எடுத்துக்கொண்டது 500. பூமி சின்னதாக, அதே தூரம் 1.4 மடங்கு டிகிரியாக வீங்கியது. மத்தியதரைக் கடலின் நீளம் 62 டிகிரி என்றார், உண்மை சுமார் 42. யாரும் நிழல் அளக்காத இடத்தில் அட்சரேகையும் இப்படித்தான். தாலமியின் கணக்கில் இலங்கைத் தீவு வடக்கே 12½ முதல் தெற்கே 2½ டிகிரி வரை, நடுக்கோட்டையே தாண்டிப் படுத்திருக்கிறது. உண்மையில் நான்கு டிகிரிகூட இல்லை.

நம் பக்கம் மட்டும் துல்லியமா? சித்தாந்தங்களின் மூலக் கோடு இலங்கை, உஜ்ஜயினி, ரோகிதகம், குருட்சேத்திரம் வழியாகப் போவதாகச் சொல்லப்படுகிறது. இந்த இலங்கை நம் அண்டைத் தீவு அல்ல, நடுக்கோட்டில் வைத்துக்கொண்ட கணக்குப் புள்ளி. போய்ப் பார்த்தால் நடுக்கடல். உஜ்ஜயினி 75.8 டிகிரி, குருட்சேத்திரம் 76.9. வானியலாளர்களே அடிப்படையாகக் கொண்ட கோட்டில் ஒரு டிகிரிக்கு மேல் பிழை, சுமார் 100 கிலோமீட்டர். இதில் வெட்கப்பட எதுவுமில்லை, கருவி அனுமதித்தது அவ்வளவுதான்.

இப்போது அந்த 700 மீட்டருக்கு வாருங்கள். அது நேரத்தில் ஒன்றரை விநாடி. கிரகணத்தை வைத்து அதைப் பிடிக்க எந்தப் பழைய கடிகாரத்தாலும் முடியாது. கயிறும் குச்சியும் வைத்து வடக்கு தெற்காக ஊர் ஊராக நீட்டியிருந்தால்? காளஹஸ்தியிலிருந்து சிதம்பரம் 260 கிலோமீட்டர். திசையில் ஒரு டிகிரி பிசகினால் 4.5 கிலோமீட்டர் விலகும். ஆற்றையும் காட்டையும் தாண்டி அப்படி ஓர் அளவை நடந்ததற்கு ஒரு கல்வெட்டோ ஓலையோ காட்டுங்கள், மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அதுவரை, கோயில்கள் நிறைந்த நாட்டில் மூன்று ஒரே வரிசையில் விழுந்தது தற்செயல் என்றே சொல்வேன்.

வியக்கத்தான் வேண்டும் என்றால் 997 மே 24க்குப் போகலாம். 23 வயது அறிஞர் அல்-பிரூனி மத்திய ஆசியாவில், குவாரிஸ்மின் காத் நகரில். வானியலாளர் அபுல் வஃபா பாக்தாதில். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு இருவரும் ஒரே சந்திர கிரகணத்தைப் பார்த்து நேரம் குறித்தார்கள். கிடைத்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி. இன்றைய வரைபடப்படி 1 மணி 5 நிமிடம்.