மறுபடியும் இடைத்தேர்தலா?

ஈரோடு கிழக்கில் ஒரே சட்டமன்றக் காலத்தில் மூன்று தேர்தல். 2021-இல் பொதுத்தேர்தல், 2023 பிப்ரவரியில் இடைத்தேர்தல், 2025 பிப்ரவரியில் இன்னொன்று. இரண்டு முறையும் உறுப்பினர் இறந்துபோனார், அதில் யாரைக் குறை சொல்வது? காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்பச் சொல்கிறது சட்டம். அதுவும் சரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் எங்கள் பிழைப்பில்தானா மண் விழ வேண்டும்?

தேர்தல் அறிவித்துவிட்டால், கையில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்குத் திங்கள் ராத்திரி சரக்கு எடுக்க வருகிறவர் ரொக்கம் இல்லாமல் எப்படி வருவார்? சாலையில் வண்டியை மறித்து, பையைப் பிரித்து, மஞ்சள் விற்ற காசுக்கும் ரசீது கேட்டால்? வெளியூர் வியாபாரி இந்தப் பக்கமே தலைவைப்பதில்லை. 2025-இல் பொங்கல் வியாபாரமும் இதில் மாட்டிக்கொண்டது.

அப்புறம் அந்த ஒலிபெருக்கி! விடிந்தால் ஒரு கட்சி, பொழுது அடைந்தால் ஒரு கட்சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? சந்துக்குச் சந்து கரைவேட்டி, வாசலுக்கு வாசல் கும்பிடு. இத்தனை பேர் வந்தார்களே, ஊருக்குள் ஓடுகிற பெரும்பள்ளம் ஓடையை ஒருவராவது நின்று பார்த்தாரா? ஓட்டு எண்ணி முடிந்ததும் ஆளுக்கொரு காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். கொடிக்கம்பத்துக்குத் தோண்டிய குழியை யார் மூடுவது?