பிரமிடு கட்டினவனுக்கும் ஒரு பேர் இருந்தது

எகிப்தில் சில வருஷம் வேலை பார்த்தவன் என்று தெரிந்துவிட்டால் போதும், சென்னையில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பிரமிடு ஒசத்தியா, நம்ம தஞ்சாவூர்க் கோயில் ஒசத்தியா?" போன வாரம் நங்கநல்லூரில் ஒரு மாமா கேட்டார், பாயசம் வருவதற்குள் தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டார் (தஞ்சாவூர்தான், வேறென்ன). எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

கெய்ரோவில் நான் குடியிருந்தது மாதி பக்கம், வேலை ஹெல்வான் பக்கம். தினமும் மெட்ரோவில் துரா என்ற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சிமென்ட் தூசியும் வெயிலும்தான் அங்கே. யாரும் போட்டோ எடுக்கிற இடம் இல்லை. ஆனால் கிசாவின் பெரிய பிரமிடை வெளியே போர்த்தியிருந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் இந்தத் துராவில் வெட்டிப் படகில் போனதுதான். 2013இல் செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு தொல்லியல் ஆய்வாளர் பியர் தாலே குழுவினர் கொஞ்சம் பாப்பிரஸ் (நாணல் தண்டில் செய்த பழைய காகிதம்) ஏடுகளைக் கண்டெடுத்தார்கள், எழுத்துள்ள பாப்பிரஸில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையது அதுதான். கூஃபு மன்னன் காலத்தில், அதாவது 4500 வருஷத்துக்கும் முன்னால், மெரர் என்ற மேஸ்திரி எழுதியது. சுமார் 40 ஆட்களை வைத்துக்கொண்டு துராவில் கல் ஏற்றியது, கிசாவில் இறக்கியது, ராத்திரி எங்கே தங்கினார்கள், இவ்வளவுதான் விஷயம். நம்ம ஊர் சைட் சூப்பர்வைசர் நோட்டு மாதிரியே இருக்கும். இதைப் படித்த பிறகு அந்த ஸ்டேஷனை என்னால் சும்மா தாண்ட முடியவில்லை.

அப்புறம் தெற்கு எகிப்தில் லக்சர். அங்கே மன்னர்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்கில் கூட்டம் நெரியும், எல்லோருக்கும் துட்டன்காமூன் வேண்டும். மலைக்கு இந்தப் பக்கம் தேர் எல் மதினா என்று ஒரு சின்ன ஊர் இடிபாடு இருக்கிறது, அந்தக் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டியவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்த இடம். நான் போனபோது என்னையும் காவலரையும் தவிர ஆளே இல்லை. அவர்கள் எழுதிப்போட்ட கல்சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று, இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டின் வருகைப் பதிவேடு: யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை. ஒருத்தனைத் தேள் கொட்டிவிட்டது, ஒருத்தனுக்குக் கண் சரியில்லை, ஒருத்தன் வீட்டில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் கூலித் தானியம் வராமல் போனபோது இதே ஊர்க்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசி, உடுத்தத் துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் சொன்னதெல்லாம் பதிவாகியிருக்கிறது. எழுத்தில் நமக்குக் கிடைத்த முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். அந்த வேலைநிறுத்த ஏடு இத்தாலியில் டூரின் அருங்காட்சியகத்தில், வருகைப் பதிவேடு லண்டனில். ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மன்காரர் யாகோர் தோண்டியது பெர்லினுக்குப் போகவில்லையா, அந்தக் கதைதான். அந்த எரிச்சலைத் தனிப் பதிவாகக் கொட்டுகிறேன்.

செங்கடல் துறைமுகங்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். குசைர் அல் காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் (தமிழின் பழைய எழுத்து) பெயர்கள் இருக்கின்றன. பெரெனிகேயில் ஒரு கோயில் வளாகத்தில், இந்தியாவில் செய்த பெரிய ஜாடியில் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. இந்தச் செய்தி வந்தால் நம்ம வாட்ஸப் குழுக்களில் உடனே "எகிப்தை ஆண்ட தமிழன்" ஆகிவிடுகிறது. யாரும் ஆளவில்லை சாமி. சாதன் சரக்கோடு போயிருப்பான், தன் பானை மாறிவிடக் கூடாதே என்று பேரைக் கீறியிருப்பான். எனக்கு அந்தச் சாதன்தான் பெரிய ஆள்.

சரி, தஞ்சாவூருக்கு வருகிறேன். அங்கே வழிகாட்டிகள் என்ன காட்டுகிறார்கள்? உச்சிக்கல் 80 டன், நிழல் தரையில் விழாது. (விழும். அதில் நின்றுதான் நான் தண்ணீர் குடித்தேன்.) ஆனால் 1010இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயிலின் வடக்குச் சுற்றுமதிலில், வெளிப்பக்கம், ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடிய பெண்கள்) பேரைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதே கல்வெட்டில் தச்சர், நாவிதர், தையல்காரர், கணக்கர் எல்லோரும் வருகிறார்கள். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேரும் கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. தேர் எல் மதினாவின் கல்சில்லுகளுக்கு உலகமே உருகுகிறது, நாமோ இதை விட்டுவிட்டு நிழலைத் தேடிக்கொண்டிருக்கிறோம். எது ஒசத்தி என்ற சண்டையில் இரண்டு பக்கத்து வேலைக்காரர்களும் காணாமல் போகிறார்கள், அதுதான் என் கோபம்.

அடுத்த முறை தஞ்சாவூர் போகிறவர்கள் வடக்குப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். கழுத்து வலித்தால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி இணையத்திலேயே கிடைக்கிறது, 66ஆம் எண். தமிழ்தான், இரண்டு பக்கம் தாண்டினால் பழகிவிடும்.