கையுறைக்காரர் மகனிடமிருந்து பறித்த இறகுப்பேனா

'அனானிமஸ்' படத்தைச் சென்ற வாரம் நண்பர்கள் நால்வரோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். ஷேக்ஸ்பியர் பெயரில் உலகம் படித்துக்கொண்டிருக்கும் நாடகங்களை எழுதியவர் ஸ்ட்ராட்ஃபோர்டில் பிறந்த வில்லியம் ஷேக்ஸ்பியர் அல்லர், ஆக்ஸ்ஃபோர்டின் பதினேழாம் பிரபுவான எட்வர்ட் டி வியரே என்று சொல்லும் படம் அது. ரோலண்ட் எம்மெரிக் இயக்கத்தில் 2011-இல் வந்தது. படம் முடிந்த பிறகு எங்களுக்குள் எழுந்த பேச்சு நள்ளிரவைத் தாண்டியது. ஒருவர், "சினிமாதானே, கதையாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். இன்னொருவர், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்டார். மூன்றாமவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: "சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய ஒருவர், அரண்மனையையே பார்த்திராதவர், அரசர்களின் உள்ளத்தை எப்படி எழுதியிருக்க முடியும்?" இந்தப் படத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பலரிடமிருந்தும் என் காதில் விழுந்துவருவது இந்த மூன்றையும்தான் என்பதால், அன்றிரவு முழுமையாகச் சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

படத்தின் சிறப்புகளை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. முதிய எலிசபெத் அரசியாக வனெஸா ரெட்கிரேவும் இளம் அரசியாக அவருடைய மகள் ஜோலி ரிச்சர்ட்சனும் நடித்திருக்கிறார்கள். ஒரே முகச்சாயல் இரண்டு வயதுகளில் தெரியும் அந்த அழகு எந்த ஒப்பனையாலும் கிடைக்காது. ஆடை வடிவமைப்புக்காகப் படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது முற்றிலும் நியாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்தவெளிக் கொட்டகையில் நின்றபடி 'ஐந்தாம் ஹென்றி' பார்க்கும் எளிய மக்கள், மேடையில் ஒலிக்கும் வீர உரையைக் கேட்டுக் கொதித்தெழும் காட்சி ஒன்று இருக்கிறது. இரண்டாம் முறை பார்த்தபோதும் எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் அந்தக் காட்சியில் மேல்மாடத்தில் அமர்ந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் டி வியர் பிரபு. அந்த ஆற்றல் முழுவதும் மாடத்தில் இருப்பவருக்கே உரியது, மேடையில் நிற்பவர்கள் வாங்கி ஒப்பிப்பவர்கள் என்று படம் நம்புகிறது. என் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

'சினிமாதானே' என்ற வாதத்தை இந்தப் படம் தானே மறுத்துவிடுகிறது. நியூயார்க் நகரில் இக்கால நாடக அரங்கு ஒன்றுக்குள் நடிகர் டெரெக் ஜேகபி விரைந்து வந்து, மேடையேறி, ஷேக்ஸ்பியர் எழுதவில்லை என்ற ஐயத்தைப் பார்வையாளர்முன் ஓர் உரையாகவே வைப்பதுதான் படத்தின் தொடக்கம். ஜேகபியும் இதே படத்தில் நடித்துள்ள மார்க் ரைலன்ஸும் இந்த ஐயத்தை 2007-இலேயே ஓர் அறிக்கையாகப் பொதுவெளியில் முன்வைத்தவர்கள். படம் வெளியானபோது பள்ளி ஆசிரியர்களுக்கென ஒரு பாடக் குறிப்பையும் தயாரித்து வழங்கினார்கள். 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படமும் 1998-இல் வந்தது. அதிலும் கற்பனைக் காதலிதான், கற்பனைச் சம்பவங்கள்தான். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் யாரும் வரலாறு படித்ததாக நினைக்கவில்லை, படமும் அப்படிக் கோரவில்லை. தன்னை நம்பச் சொல்லி ஒரு படம் கேட்கும்போது, அதன் ஆதாரத்தைக் கேட்கும் உரிமை பார்வையாளருக்கு வந்துவிடுகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பாதுகாக்கும் அறக்கட்டளையினர், படம் வெளியான நேரத்தில் வார்விக்ஷயர் சாலைப் பலகைகளில் இருந்த அவர் பெயரை மறைத்துக் காட்டியதை மிகையான எதிர்வினை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சிறு பிழைகளை நான் பெரிதுபடுத்த மாட்டேன். 1593-இல் கொலையுண்ட நாடகாசிரியர் மார்லோ அதற்குப் பிறகும் இந்தப் படத்தில் உயிரோடு நடமாடுகிறார். கதைக்குத் தேவையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றை மட்டும் மன்னிக்க இயலவில்லை. 1601 பிப்ரவரி 8-இல் எசெக்ஸ் பிரபு அரசியின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சியில் இறங்கினார். அதற்கு முந்தின நாள், அவருடைய ஆதரவாளர்கள், ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு நடித்துவந்த குளோப் அரங்கில் ஒரு நாடகம் போடச் சொல்லிக் கேட்டார்கள். படம் அதை 'மூன்றாம் ரிச்சர்ட்' என்று காட்டுகிறது. அரசியின் அமைச்சரும் கூனருமான ராபர்ட் செசிலைத் தாக்குவதற்காக டி வியர் திட்டமிட்டுத் தந்த நாடகமாம். உண்மையில் நடந்தது 'இரண்டாம் ரிச்சர்ட்'. அது பழைய நாடகம், கூட்டம் வராது என்று நடிகர்கள் தயங்கியிருக்கிறார்கள். வழக்கமான வசூலுக்கு மேல் நாற்பது ஷில்லிங் தருவதாகச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குழுவைச் சேர்ந்த அகஸ்டின் பிலிப்ஸ் பிற்பாடு விசாரணையில் கொடுத்த வாக்குமூலம் இது. வசூலுக்குக் கவலைப்பட்டுக் கணக்குப் பார்த்த அந்த நடிகர்களின் குரல் நானூறு ஆண்டுகள் தாண்டி இவ்வளவு தெளிவாகக் கேட்கும்போது, அதை அழித்துவிட்டு ஒரு பிரபுவின் சதியை அந்த இடத்தில் வைப்பதற்கு எப்படி மனம் வந்தது?

அடுத்து, புகையைப் பற்றி. ஷேக்ஸ்பியர் மறைந்தது 1616-இல். இந்த ஐயத்தை முன்வைத்து டீலியா பேக்கன் நூல் எழுதியது 1857-இல். டி வியரின் பெயரை முன்மொழிந்தவர் கேட்ஸ்ஹெட் ஊரில் ஆசிரியராக இருந்த தாமஸ் லூனி. அவருடைய நூல் வந்தது 1920-இல். இருநூறு முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான் புகையே எழுந்திருக்கிறது. ஷேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்தில் அவரோடு பழகியவர்கள், பொறாமைப்பட்டவர்கள், போட்டியிட்டவர்கள் ஒருவரும் இப்படி எழுதிவைக்கவில்லை. மாறாக, 1592-இல் நாடகாசிரியர் ராபர்ட் கிரீன் பெயரில் வந்த சிறுநூல், அவரைப் பிறர் இறகுகளைச் சூடிக்கொண்ட காக்கை என்று ஏசுகிறது. நடிகனாக இருந்துகொண்டு நாடகமும் எழுதத் துணிந்தானே என்ற ஆத்திரம் அது. 1598-இல் ஃபிரான்சிஸ் மியர்ஸ் இன்பியல் நாடகத்தில் சிறந்தவர்களைப் பட்டியலிடும்போது ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவையும் ஷேக்ஸ்பியரையும் ஒரே பட்டியலில் தனித்தனியாகக் குறிப்பிடுகிறார். டி வியர் கவிஞர், நாடகக் குழுக்களைப் புரந்தவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவருக்கு உரிய மதிப்பை அவர் காலத்தவரே வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

டி வியர் இறந்தது 1604 ஜூன் மாதத்தில். 'லியர் அரசன்', 'மக்பெத்', 'புயல்' ஆகியவை அதற்குப் பிறகு மேடை கண்டவை. இறக்கும் தறுவாயில் கைப்பிரதிகளை ஒரு கட்டாக, அக்கால நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் ஒப்படைத்தார் என்று படம் இதற்கு வழி சொல்கிறது. 1609-இல் பெர்முடா அருகே கப்பல் ஒன்று புயலில் சிக்கியது. அதைப் பற்றி மறுஆண்டு எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் சாயல் 'புயல்' நாடகத்தில் படிந்திருப்பதாகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1613-இல் 'எட்டாம் ஹென்றி' நடந்துகொண்டிருந்தபோதுதான் குளோப் அரங்கு தீப்பிடித்தது. அந்த நாடகத்தை நாடகாசிரியர் ஜான் ஃபிளெட்சரும் ஷேக்ஸ்பியரும் சேர்ந்து எழுதினார்கள் என்பது அறிஞர்களிடையே பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. ஒரு காட்சி இவர் எழுத, மறு காட்சி அவர் எழுத, ஒரே மேசைக்கு வந்து போகும் வேலை அது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்ட ஒருவரோடு அப்படி எழுத முடியாது.

ஆனால் தேதிகளைக் காட்டிலும் என்னை உறுதியாக நம்பவைப்பது வேறொன்று. 1599-இல் அச்சான 'ரோமியோ ஜூலியட்' பிரதியில், பீட்டர் என்ற வேலைக்காரன் மேடைக்கு வர வேண்டிய இடத்தில், பாத்திரத்தின் பெயருக்குப் பதிலாக 'வில் கெம்ப் வருகிறார்' என்று அச்சாகியிருக்கிறது. மறுஆண்டு அச்சான 'மச் அடூ அபவுட் நத்திங்' பிரதியிலும், ஊர்க்காவலன் டாக்பெரி பேசும் வசனங்களுக்கு முன் பல இடங்களில் 'கெம்ப்' என்றே இருக்கிறது. வில் கெம்ப் அந்தக் குழுவின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். இந்தப் பிரதிகள் ஆசிரியரின் கைப்படிவத்திலிருந்தே அச்சுக்குப் போயிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் ஓர் எழுத்தாளர் அவசர அவசரமாக எழுதுவது என் கண்ணில் தெரிகிறது: பாத்திரத்துக்கு வைத்த பெயர் மறந்துபோகிறது, அதைப் பேசப்போகும் நண்பனின் முகம் மட்டும் முன்னால் நிற்கிறது, கை அந்தப் பெயரையே எழுதிவிடுகிறது.

கெம்ப் 1599 வாக்கில் குழுவை விட்டு விலகினார். அவருடைய இடத்துக்கு ராபர்ட் ஆர்மின் வந்தார். பொற்கொல்லரிடம் தொழில் பயின்றவர், பாடத் தெரிந்தவர், சொல்லை மடக்கிப் பேசும் நுட்பம் கைவந்தவர். நாடகங்களில் கோமாளியின் சுபாவமே மாறிவிடுகிறது. தடுமாறி விழுந்து சிரிக்கவைக்கும் டாக்பெரி போய், பாடிக்கொண்டே எசமானியின் அறியாமையைச் சுட்டிக்காட்டும் ஃபெஸ்டி வருகிறான். லியர் மன்னனின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் விதூஷகன் வருகிறான். குழுவில் ஒரு நடிகர் மாறியதும் எழுத்து மாறுகிறது. எந்த நடிகருக்கு எது வரும் என்று ஒத்திகையில் பக்கத்தில் நின்று பார்த்தவரின் எழுத்து இது. அப்படிப்பட்டவரைத்தான் இந்தப் படம், படிக்கத் தெரிந்தாலும் ஓர் எழுத்துக்கூட எழுதத் தெரியாத குடிகாரராக, ஏறக்குறைய கைநாட்டாகக் காட்டுகிறது.

இனி என் மூன்றாவது நண்பரின் கேள்வி. 'குலத்தளவே ஆகும் குணம்' என்ற நம்பிக்கையைத் தவிர அதற்கு அடியில் வேறொன்றும் இல்லை என்று அவரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் வருந்தினார், ஆனாலும் நான் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். மார்லோ செருப்புத் தைப்பவரின் மகன். பென் ஜான்சனை வளர்த்தவர் கொத்தனார். ஜான்சன் மாணவராகப் பல்கலைக்கழகத்தில் படித்தவரும் அல்லர். ஆனால் அவர்கள் எழுதியதை வேறொரு பிரபுவுக்கு எழுதிவைக்க எம்மெரிக் படம் எடுக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் கையுறை செய்து விற்றவர், 1568-இல் ஊர்த்தலைவராகவும் இருந்தவர். ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளியில் நாளெல்லாம் லத்தீன் இலக்கணமும் இலக்கியமும் உருப்போட வைத்தார்கள். 'வின்ஸர் மனைவியர்' நாடகத்தில் ஒரு வாத்தியார் சிறுவன் ஒருவனை நிறுத்தி லத்தீன் வேற்றுமை உருபுகளைக் கேட்டு வதைக்கும் காட்சி வருகிறது. அந்தச் சிறுவனின் பெயர் வில்லியம்.

நான் திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் இருந்த தெருவில் வளர்ந்தவன். பதமாக்கிய ஆட்டுத்தோல் கையில் எப்படித் துவளும், இழுத்த இழுப்புக்கு எப்படி வரும் என்பது எனக்குத் தெரியும். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் ஃபெஸ்டி சொல்கிறான்: கூரிய அறிவுடையவனுக்கு ஒரு வாக்கியம் என்பது ஆட்டுக்குட்டித் தோலில் செய்த கையுறை போன்றது, அதன் உட்புறத்தை எவ்வளவு விரைவில் வெளிப்புறமாகத் திருப்பிவிடலாம்! கல்லூரியில் முதன்முதலாக இதைப் படித்தபோது என் கைவிரல்களே அதை அடையாளம் கண்டுகொண்டன. டி வியரும் இத்தாலியிலிருந்து வாசனையூட்டிய கையுறைகளை அரசிக்குக் கொண்டுவந்தவர்தான். எனவே இதை ஆதாரம் என்று நான் வழக்காட மாட்டேன். ஆனால் 'வின்ஸர் மனைவியர்' நாடகத்தில் ஒருவனுடைய வட்டமான தாடியைக் கையுறைக்காரர் தோலைச் சீவும் கத்திக்கு ஒப்பிடும் வரி வருகிறதே, அது கையுறை அணிந்தவரின் நினைவில் இருக்கும் கத்தி அல்ல. பட்டறையில் தந்தையின் காலடியில் உட்கார்ந்து பார்த்தவரின் நினைவில் இருப்பது.

அரண்மனையைப் பார்த்திராதவர் என்பதும் தவறு. 1594 கிறிஸ்துமஸ் காலத்தில் அரசியின் முன் நடித்ததற்காகப் பணம் பெற்றுக்கொண்டவர்களின் பெயர்கள் அரசுக் கணக்கில் இருக்கின்றன: கெம்ப், ஷேக்ஸ்பியர், ரிச்சர்ட் பர்பேஜ். அரசர்கள் எப்படி உட்காருவார்கள், எதற்குச் சிரிப்பார்கள், எப்போது முகம் சுளிப்பார்கள் என்று மேடையிலிருந்து கூர்ந்து பார்ப்பதே நடிகரின் பிழைப்பு.

1616-இல் எழுதிய உயிலில் ஷேக்ஸ்பியர் தம் குழுத்தோழர்கள் மூவருக்கு, மோதிரம் வாங்கிக்கொள்ளும்படி ஆளுக்கு இருபத்தாறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் விட்டுச்சென்றார்: பர்பேஜ், ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல். பர்பேஜ் மூன்று ஆண்டுகளில் இறந்துபோனார். மீதி இருவரும் அலைந்து, பிரதிகளைத் திரட்டி, 1623-இல் முப்பத்தாறு நாடகங்களை ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். அவற்றில் பதினெட்டு அதுவரை அச்சேறாதவை. 'மக்பெத்', 'பன்னிரண்டாம் இரவு', 'புயல்' எல்லாம் அவற்றுள் அடங்கும். இலாபத்துக்காகவோ புகழுக்காகவோ இதைச் செய்யவில்லை, இத்தகைய நண்பரும் தோழருமான எங்கள் ஷேக்ஸ்பியரின் நினைவை உயிரோடு வைத்திருப்பதற்காகவே செய்தோம் என்று சமர்ப்பண உரையில் எழுதினார்கள். படத்தில் காண்டெலாக வருபவர் மார்க் ரைலன்ஸ். நம் காலத்தில் குளோப் அரங்கு மீண்டும் கட்டப்பட்டபோது அதன் முதல் கலை இயக்குநராக இருந்த மாபெரும் நடிகர் அவர். அந்த வேடத்தில், அந்தச் சமர்ப்பண உரை சொல்வது பொய் என்று வாதாடும் படத்தில் அவரைப் பார்க்க நேர்ந்தது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஹெமிங்ஸும் காண்டெலும் லண்டனில் ஆல்டர்மன்பரி பகுதியில் ஒரே தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்கள். உலகப் போரில் குண்டு விழுந்து அந்தத் தேவாலயம் சிதைந்தது. இப்போது அங்கே ஒரு சிறு தோட்டமும் அவர்கள் இருவருக்கான நினைவுத் தூணும் இருக்கின்றன. தூணில் பெயர்கள் அவர்களுடையவை, உச்சியில் உள்ள சிலையின் முகம் ஷேக்ஸ்பியருடையது. அந்த இருவரும் பழைய பிரதிகளைத் தேடி ஒவ்வொரு பக்கமாகச் சேர்த்த கதையை யாராவது படமாக எடுத்தால், அந்த நான்கு நண்பர்களையும் நானே அழைத்துக்கொண்டு போவேன்.