தேங்காய் எண்ணெய் சன்ஸ்கிரீன் இல்லை, நானும் கம்பெனி ஆள் இல்லை

வீட்டிலேயே எண்ணெய் கலந்து இயற்கை சன்ஸ்கிரீன் செய்யலாம் என்று ஒரு வீடியோ வந்ததே, அதன் கீழே நான் போட்ட நாலு வரிக்கு இவ்வளவு அர்ச்சனை விழும் என்று நினைக்கவில்லை. "எந்தக் கம்பெனி எவ்வளவு குடுத்துச்சு?" என்று கேட்ட அண்ணனுக்கு: ஒன்றும் வரவில்லை அண்ணா. வந்தால் வீட்டுக்கடனுக்கு ஆகும், கொஞ்சம் சொல்லிவிடுங்கள்.

நான் சொன்னது இவ்வளவுதான்: தேங்காய் எண்ணெயையும் கேரட் விதை எண்ணெயையும் கலந்து பூசினால் அது சன்ஸ்கிரீன் ஆகாது. செடியில் ஒன்றுமில்லை என்று நான் எங்கே சொன்னேன்? எம்.ஃபார்மில் நான் எடுத்ததே ஃபார்மகாக்னசி, அதாவது மூலிகை மருந்துகளைப் பற்றிய படிப்பு. இன்றைக்கும் மூலிகையைத்தான் பாடம் நடத்துகிறேன். எனக்குப் பாரம்பரியம் தெரியாதாம். சரி.

தேங்காய் எண்ணெய்க்கு எஸ்.பி.எஃப். (வெயிலில் தோல் சிவப்பதை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண்) 8 என்கிறார்களே, அந்த 8 எப்படி வந்தது தெரியுமா? எண்ணெயை ஆல்கஹாலில் கலந்து, குவார்ட்ஸ் செல் என்கிற சின்னக் குப்பியில் ஊற்றி, ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிற ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்து, 290 முதல் 320 நானோமீட்டர் அலைநீளம் வரை ஐந்தைந்தாக அளவெடுத்து ஒரு சூத்திரத்தில் போடுவார்கள். 2010-ல் வந்த ஓர் இந்திய ஆய்வு செய்தது அதைத்தான். எங்கள் லேபிலும் அதே வேலைதான் நடக்கிறது. அந்த எண் செல்லுக்குள் இருக்கும் கரைசலுக்குச் சரி. மத்தியானம் பஸ் ஸ்டாப்பில் வியர்த்து நிற்கிற கன்னத்துக்கு எப்படிப் பொருந்தும்? தோலில் சோதிப்பதென்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி, புற ஊதா விளக்கைக் காட்டி, எப்போது சிவக்கிறது என்று பார்க்க வேண்டும். தவிர, 320-க்கு மேல் 400 வரை போகிற யு.வி.ஏ. என்கிற புற ஊதாக் கதிர் அந்தச் சூத்திரத்தில் கிடையவே கிடையாது. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்து முகத்தில் மங்கு கிளப்பிவிடுவது அதுதான்.

கிரீன் டீ, தவிட்டில் இருக்கிற ஃபெருலிக் அமிலம் எல்லாம் நல்லவைதான். 2005-ல் டியூக் பல்கலைக்கழகத்தினர் வைட்டமின் சி, இ கரைசலில் ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்துப் பன்றித் தோலில் பார்த்தபோது பாதுகாப்பு இரண்டு மடங்கானது. வெயில் உள்ளே போன பிறகு நடக்கிற சேதத்தைக் குறைப்பதுதான் இவற்றின் முக்கிய வேலை. சன்ஸ்கிரீனோடு சேர்த்துப் போடுங்கள், அதை விட்டுவிட்டு அல்ல. இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

இயற்கை என்றால் ஆபத்தே இல்லையாம். என் சித்தி மகள் இப்படி ஒரு வீடியோவைப் பார்த்து எலுமிச்சை மூடியை முகத்தில் தேய்த்துக்கொண்டு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். இரண்டு மூன்று நாளில் எரிச்சல், அப்புறம் தாடையோரம் பழுப்புக் கோடு. சாறு எப்படி வழிந்ததோ அதே தடம். எலுமிச்சைத் தோலில், நம் தோலை வெயிலுக்குக் கூசவைக்கிற சோராலென் வகைப் பொருள்கள் உண்டு. நலங்குமாவில் போடுகிற கார்போகரிசியிலும் உண்டு. வெண்படைக்குக் கார்போகரிசியைப் பூசி வெயில் காட்டச் சொல்வது எதற்கு? தோல் வெயிலை நன்றாக வாங்கத்தான். பாரம்பரியத்துக்கு இது தெரியும். வீடியோ போட்டவருக்குத்தான் தெரியவில்லை.

"பாட்டி சன்ஸ்கிரீனா பூசினாங்க?" இல்லை. களையெடுக்கப் போன என் அப்பாயி, தாத்தாவின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனாள். எண்ணெய் தடவிக்கொண்டு வெயிலில் நிற்கவில்லை.

"கெமிக்கல் ரத்தத்துல கலக்குது." 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. செய்த சோதனையில் சன்ஸ்கிரீனில் போடுகிற ஆக்ஸிபென்சோன் போன்றவை ரத்தத்தில் தெரிந்தது உண்மை. பயமாக இருந்தால் சிங்க் ஆக்ஸைடு போட்டதை வாங்குங்கள். முடிந்தது.

விலையைப் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு மட்டும் என்னிடம் பதிலில்லை. சொல்கிற அளவில் தினமும் பூசினால் ஒரு டியூப் மாசக் கடைசி வரை வராது. சட்டை, குடை, நிழல் என்றுதான் சொல்ல முடிகிறது.

அந்த வீடியோவை மறுபடி பாருங்கள். புற்றுநோய், மங்கு, எரிச்சல் என்று ஒரு வார்த்தை உண்டா? "கருக்க மாட்டீங்க", "பளிச்னு ஆயிடுவீங்க." இதுதான் சரக்கு. வெயிலிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, நம் நிறத்திலிருந்து நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

ஒருத்தர் என் புரொஃபைல் படத்தைப் பார்த்துவிட்டு, "சன்ஸ்கிரீன் பூசியும் இந்தக் கலர்தானா மேடம்?" என்று கேட்டிருந்தார். ஆமாம் சார், இதே கலர்தான். நான் வெளுக்கப் பூசவில்லை. அதற்குச் சிரிப்பு போட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள்.

ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்கு என்னிடம்தானே வரணும் கண்ணுகளா?