அந்தப் பிள்ளை சாப்பிடட்டும்

எந்தப் பதிவைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. மாணவர் பரிமாற்றத்தில் யப்பானுக்குப் போயிருக்கிற எங்கள் வன்னி விசுவமடுப் பிள்ளை சாப்பாட்டுப் படம் போட்டதற்கு, "மே மாதத்தில் உனக்கு ருசி கேட்குதோ" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு விருப்பம் போட்டவர்களில் என் சொந்தக்காரரும் இருக்கிறார்கள். பிள்ளைக்கு வயது 16. பக்கத்து வீடு. என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். மே மாதம் என்றால், 2009 மே 18 இல் முடிந்த போரில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்து நாங்கள் கஞ்சி குடிக்கிற மாதம்; அதுதான் உங்கள் கோபம்.

அவள் சாப்பிட்டதில் ஒரு பிழையும் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

அவள் போட்ட படங்களை ஒழுங்காகப் பார்த்தீர்களா? ஒசாக்காவில் தக்கொயாக்கி: வாய்ப்பன் மாதிரி உருண்டை, உள்ளே எட்டுக்கால் கணவாய்த் துண்டு. "வெளியில ஆறிட்டுது, உள்ளுக்கு நெருப்பு, நாக்கு வெந்துபோச்சு" என்று எழுதியிருந்தாள். நாராவில் ஒரு மான் அவளுடைய பையைக் கடித்து இழுக்கிறது. அப்புறம் ஷின்கன்சென் ரயில் ஜன்னல். 1990 இல் நின்றுபோன ரயில் எங்கள் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்டெம்பரில். அப்போது அவளுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. ரயில் காட்டவென்று கூட்டிக்கொண்டு போனது நான். சத்தத்துக்குப் பயந்து என் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். அதே பிள்ளை இப்போது மணிக்கு 300 கிலோமீற்றர் ஓடுகிற ரயிலில் இருந்து கை காட்டுகிறாள். எனக்கு அழுகை வந்தது.

நீங்கள் கோபப்பட்ட படம் ஹிரோசிமாவில் எடுத்தது. ஒக்கோனோமியாக்கி. கொத்துக் கடையில் இருக்கிற மாதிரி அகலமான இரும்புக் கல்லில் மாவை மெல்லிசாக ஊற்றி, மேலே கோவாவை (முட்டைக்கோஸ்) குவித்து, பன்றி இறைச்சி, நூடில்ஸ், முட்டை என்று அடுக்கிப் புரட்டிப் போடுவார்கள். 1945 ஓகஸ்ட் 6 இல் அணுகுண்டு விழுந்து, அந்த வருடம் முடியுமுன் ஏறக்குறைய 140,000 பேர் செத்த ஊர் அது. அரிசி கிடைக்காத காலத்தில், வெளியிலிருந்து வந்த கோதுமை மாவைக் கரைத்து, கையில் கிடைத்ததை மேலே போட்டுச் சனம் பசியாறியது. அதுதான் வளர்ந்து இன்றைக்கு அந்த ஊரின் பெயர்போன சாப்பாடாக இருக்கிறது. நிவாரண மாவில் ரொட்டி சுட்டவள் நான். எனக்கு அந்தப் படம் விளங்கியது.

அதே பதிவில் இரண்டாவது படம், குண்டுக்குத் தப்பி நிற்கிற கட்டடம். கூரை இல்லை, வளைந்த இரும்புச் சட்டம் மட்டும். கீழே "எங்கட ஊரையும் நினைச்சன்" என்று எழுதியிருந்தாள். அந்த வரி ஒருவருடைய கண்ணிலும் படவில்லையா?

"பதினெட்டாம் திகதி கழிந்து போட்டிருக்கலாமே" என்று ஒரு அண்ணை பண்பாகத்தான் கேட்டிருந்தார். சரி, போட்டிருக்கலாம். நான் பக்கத்தில் இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆனால் சுற்றுலாத் திகதியை வைத்தது அந்தப் பள்ளிக்கூடம். கூட்டிப்போன இடத்தில் போட்ட சாப்பாட்டைப் பிள்ளை சாப்பிட்டது. பன்றி தின்றாள், பொம்பிளைப் பிள்ளை தனியப் போனாள் என்கிறவர்களுக்குப் பதில் எழுத மாட்டேன். பெற்ற தாய் அனுப்பியிருக்கிறா, அது போதும்.

"வலி தெரியாத தலைமுறை" என்று எழுதினவருக்கு மட்டும் சொல்கிறேன். 2008 ஒக்ரோபரில், போரில் இடம்பெயர்ந்து போயிருந்த தர்மபுரத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் பிறந்தவள் அவள். திரும்பவும் இடம்பெயர்ந்து கடற்கரையோரப் பொக்கணைக்கு வந்து சேர்ந்தபோது தாய்க்குப் பால் வற்றிவிட்டது. கஞ்சித் தண்ணியைத் துணியில் நனைத்து அவளுடைய வாயில் பிழிந்தது இந்தக் கை. அவளுக்கா கஞ்சியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுவரைக்கும் எழுதாதது. பங்கருக்குள் நாங்கள் என்ன பேசினோம் என்று நினைக்கிறீர்கள்? சாப்பாடு. இரவு முழுக்கச் சாப்பாடு. புட்டும் மாம்பழமும், ஒடியல் கூழ், சந்தைக் கடைக் கொத்து. என் தம்பிக்கு அப்போது 17 வயது. பாதை திறந்ததும் முதல் வேலையாக யாழ்ப்பாணம் போய் ஐஸ்கிறீம் குடிப்பேன், பெரிய கிளாசில், மேலே பழம் வைத்து என்று சொல்லிக்கொண்டே இருப்பான். கஞ்சி வரிசைக்குப் பாத்திரத்தோடு போனவன் வரவில்லை. செத்தவர்களுக்கு மரியாதை இல்லையாம். அந்தப் படத்தை என் தம்பி பார்த்திருந்தால், அந்தச் சோஸ் இனிக்குமா உறைக்குமா என்றுதான் கேட்டிருப்பான்.

மே மாதம் எங்கள் வீட்டிலும் கஞ்சி காய்ச்சுகிறோம். சிரட்டையில்தான் குடிக்கிறோம். இந்த வருடமும் குடித்தோம், அவளுடைய தாயும் வந்திருந்தா.

அவளுக்கு எழுதியவர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். 16 வருடமாக நீங்கள் போட்ட பிறந்தநாள் கேக், கடற்கரை, பனியில் பிள்ளைகள் விளையாடுகிற படம் எல்லாவற்றையும் பார்த்துச் சந்தோசப்பட்டிருக்கிறேன். நம்முடைய சனம் எங்கேயோ நல்லாயிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாளும் திகதி பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று முதன்முதலாக வெளியே போய் வாய்க்கு ருசியாக ஒன்றைச் சாப்பிட்டதும் உங்களுக்குத் திகதி ஞாபகம் வருகிறது. வன்னிப் பிள்ளை என்றால் எப்போதும் அழுதுகொண்டே நிற்க வேண்டுமா? எனக்கு இது நோகிறது. உண்மையாக நோகிறது.

எல்லாப் படத்தையும் அழித்துவிட்டாள். மானையும் சேர்த்து. முந்தாநாள் அவளுக்குக் குரல் பதிவு அனுப்பினேன்: "திரும்பப் போடு பிள்ளை, பெரியம்மா இருக்கிறன்." இன்னும் கேட்கவில்லை.