அப்பா பனை ஏறினார்

எங்கள் ஊர் நூலக மலருக்காக ஒருமுறை அப்பாவைப் பற்றி எழுதினேன். 'என் தந்தை பனைத் தொழிலை மேற்கொண்டு குடும்பத்தைப் பராமரித்து வந்தார்' என்பது முதல் வரி. வாசித்துக் காட்டியதும் அம்மா கேட்டாள்: "மக்களே, அப்பா எங்க மேற்கொண்டாரு? பனைல்லா ஏறினாரு."

அன்று ராத்திரியே எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அப்பா விடியும் முன்னே பனை ஏறுவார். பாளையைச் சீவுவார். சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். அக்கானி, அதாவது பதநீர், இறக்குவார். அம்மா அதைக் காய்ச்சுவாள். அது கொதிக்கும், நுரைக்கும், பொங்கும், குறுகும், பாகாக இறுகும். பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவாள். 'கடின உழைப்பாளி' என்று எங்குமே எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை.

நம்மில் பலருக்கு எழுத உட்கார்ந்ததும் வினைச்சொல் மறந்துபோகிறது. ஆய்வு மேற்கொண்டார், உணவு உட்கொண்டனர், விழா நடைபெற்றது, சீரமைப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. பெயர்ச்சொல்லை முன்னால் நிறுத்திவிட்டு, எதற்கும் பொருந்துகிற ஒரு வினையைப் பின்னால் ஒட்டிவிடுகிறோம். கூடை முடை, பானை வனை, கூரை வேய் என்று பரீட்சைக்குப் படித்த நாமேதான் 'கூடை தயாரிக்கும் பணியில் ஈடுபட்டார்' என்றும் எழுதுகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

ஏனென்றால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வினைக்குப் பஞ்சமே இல்லை. தோவாளைப் பூச்சந்தையில் போய் நின்று பாருங்கள். பூவை ஊசியில் ஏற்றினால் கோர்ப்பது, நாரால் முடிந்தால் கட்டுவது. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார்கள். தேங்காய் மட்டையை உரிக்கிறார்கள், நாரைக் கயிறாகத் திரிக்கிறார்கள். வேலை செய்கிற கைதான் இந்தச் சொற்களை உண்டாக்கியது.

1876-ல் தேரூரில் பிறந்த கவிமணி, பசுவையும் கன்றையும் பற்றிப் பிள்ளைகளுக்கு எழுதியது எல்லோருக்கும் தெரியும். பசு மேய்கிறது, நக்குகிறது. கன்று துள்ளுகிறது, ஓடுகிறது, மடியை முட்டிக் குடிக்கிறது. பசு வெள்ளை என்பதைத் தவிர அவர் வர்ணிக்கவே இல்லை. ஆனாலும் கன்று கண்முன்னே நிற்கிறது.

அதற்காக அலையெல்லாம் கர்ஜிக்க வேண்டும், ஆட்களெல்லாம் முழங்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒருவர் சொன்னார் என்றால் 'சொன்னார்' போதும். நடந்தது எதுவோ, அந்த வினை வேண்டும். அவ்வளவுதான்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தது. அப்புறம் படித்ததில் எல்லாமே 'சேதமடைந்தன'. ரப்பர் மரம், வாழை, மின்கம்பம், வீடு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். ஆனால் ரப்பர் முறிந்தது. வாழை சாய்ந்தது. சில மரங்கள் வேரோடு பெயர்ந்தன. ஓடுகள் பறந்தன. முறிந்த மரத்துக்குச் சொந்தக்காரனும் சாய்ந்த வாழைக்குச் சொந்தக்காரனும் பட்ட பாடு ஒன்றல்ல.

கடலுக்குப் போனவர்களைப் பற்றி 'மீனவர்கள் மாயம்' என்று அச்சானது. மாயம் என்றால் யாரையும் எதுவும் கேட்க முடியாது. கடற்கரை ஊர்களில் 'திரும்பி வரவில்லை' என்றார்கள். அந்தச் சொல்லுக்குள் கரையில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.