கைதானவர் பட்டியலில் இல்லாதவர்கள்

ராமேஸ்வரத்து மீன்பிடிப் படகு ஒன்று எல்லையில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால், விடிவதற்குள் எல்லா விவரமும் வந்துவிடும். எத்தனை படகு, எத்தனை பேர், நெடுந்தீவுப் பக்கமா தலைமன்னார்ப் பக்கமா, எந்தக் கோர்ட்டில் நிறுத்தினார்கள், எத்தனை நாள் காவல். மீன்வளத் துறையில் பெயர், தகப்பனார் பெயர், ஊர், படகு எண் எல்லாம் பட்டியலாகிவிடும். சங்கம் கூடி வேலைநிறுத்தம் அறிவிக்கும். சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போகும். இதெல்லாம் தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் போச்சு, யார் சாப்பாட்டைத் தொடவில்லை என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை.

கச்சத்தீவு யாருக்குச் சொந்தம், 1974 ஒப்பந்தம் சரியா தவறா என்ற வாதத்தை இந்தப் பதிவில் தொடங்க வேண்டாம் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். கடல் எல்லைக் கோடு எங்கே இருந்தாலும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களின் மனநிலையைப் பற்றிப் பேச ஆள் இல்லை. நான் அதைத்தான் பேச வருகிறேன்.

நான் ராமேஸ்வரம் தீவில் பள்ளி ஆசிரியை. 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது. செய்தியாகப் படிக்கும்போது அது ஒரு எண். எங்களுக்கு வகுப்பில் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும் பையன். "அப்பா யாழ்ப்பாணத்துல இருக்காரு" என்று ஒரு பிள்ளை சொன்னால், ஏன் அங்கே இருக்கிறார் என்று மற்ற பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரியும். சில பிள்ளைகள் திடீரென்று ரொம்ப நல்ல பிள்ளையாக மாறிவிடுவார்கள். சண்டை போடமாட்டார்கள், எதையும் கேட்கமாட்டார்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. பத்தாம் வகுப்பில் இருப்பவன் என்றால், மூத்த பையன் என்ற பொறுப்பு தலையில் ஏறி, கொஞ்ச நாளில் அவனும் கடலுக்குப் போகத் தொடங்கிவிடுகிறான்.

அம்மாக்கள் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "தூக்கம் வரல டீச்சர், நெஞ்சு படபடங்குது, பிரஷராத்தான் இருக்கும்" என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரஷர் பார்ப்பார்கள், சத்து மாத்திரை எழுதுவார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அவ்வளவு கூட்டத்தில் ஒரு டாக்டரால் வேறென்ன செய்ய முடியும் என்பதும் எனக்குப் புரிகிறது. "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காரு?" என்ற ஒரு கேள்வியைக் கேட்க அங்கே நேரம் இல்லை.

இலங்கையில் காவலைப் பதினான்கு நாள், பதினான்கு நாளாக நீட்டிக்கிறார்கள். ஒவ்வொரு தவணைக்கும் வீடு முழுக்க நம்பிக்கையோடு எழுந்து, சாயங்காலம் வாட்ஸப்பில் செய்தி வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடும். அப்புறம் மறுபடியும் பதினான்கு நாள். அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை இலங்கை 2018இல் பல மடங்கு உயர்த்தியது. இரண்டாவது முறை பிடிபட்டவருக்குச் சிறைத் தண்டனை கிடைக்கிறது. படகு திரும்புவதே அரிது. அது போனால் படகுக்காரரான சம்மாட்டிக்கு லட்சக்கணக்கில் கடன், அதை நம்பி முன்பணம் வாங்கிய கூலி மீனவனுக்கும் கடன். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் பாஸ்போர்ட் வேண்டும், பணம் வேண்டும். கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோலத் தெரிகிற ஊரில் புருஷன் இருக்கிறார், குரலைக்கூடக் கேட்க முடியவில்லை.

மனநலம் பேசுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இருக்கும் பயம் கற்பனை இல்லை. 2014 அக்டோபரில் தங்கச்சிமடம் மீனவர்கள் ஐந்து பேருக்குக் கொழும்பு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த மாதம் மன்னிப்பு கிடைத்து வந்துவிட்டார்கள். ஆனால் இடைப்பட்ட அந்த நாட்களை அந்த ஊர் எப்படிக் கழித்தது என்பதை ஊரில் இருந்தவர்கள் மறக்கவில்லை. 2017 மார்ச்சில் அதே ஊரைச் சேர்ந்த 21 வயதுப் பையன் கடலில் குண்டடிபட்டு இறந்தான். 2024 ஆகஸ்டில் நெடுந்தீவு அருகே கடற்படைக் கப்பல் மோதிப் படகு கவிழ்ந்து உயிர் போனது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்ணிடம் "கவலைப்படாதீங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்று மட்டும் சொன்னால் அவர் அடுத்த முறை வரமாட்டார். வரக்கூடாதுதான். இன்றைக்குக் கோர்ட்டில் என்ன நடந்தது, உங்கள் வீட்டுக்காரர் உடம்புக்கு எப்படி இருக்கிறார், அடுத்த தவணை எப்போது என்று பொறுப்பான ஒருவர் தினமும் போனில் சொன்னாலே எத்தனையோ பேருக்கு அன்றிரவு தூக்கம் வரும். அந்தத் தகவலைச் சேர்ப்பதும் மனநல சிகிச்சையின் பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால்தான் இரண்டுமே நடக்காமல் போகிறது.

கடலில் காணாமல் போனவர்களின் வீடு இதைவிடக் கொடுமை. உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கருதலாம் என்கிறது சட்டம். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு குமரி மாவட்டத்துக்கு அதில் விலக்கு கொடுத்தார்கள், நல்ல காரியம். ஆனால் புயல் இல்லாத சாதாரண நாளில் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவிக்கு அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. சடங்கு செய்யலாமா என்று மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாமலே வருஷக்கணக்காக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இந்த வீடுகளுக்குப் பணத்தோடு கூட ஒரு மனுஷர் தொடர்ந்து வந்து உட்கார்ந்து பேசுவது அவ்வளவு அவசியம்.

திரும்பி வருகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னை விமான நிலையத்தில் இறங்குவார்கள், அதிகாரிகள் வரவேற்பார்கள், மீன்வளத் துறை வண்டியில் ஊருக்கு வருவார்கள். போட்டோவில் எல்லாரும் சிரித்தபடி இருப்பார்கள். அதற்குப் பிறகு நடுராத்திரியில் எழுந்து உட்கார்வது, படகு இன்ஜின் சத்தத்துக்கே உடம்பு நடுங்குவது, அதை மறைக்கக் குடிப்பது, குடித்ததால் வீட்டில் அடிதடி, இவையெல்லாம் யார் கணக்கிலும் வராது. ஆண்பிள்ளை பயந்தான் என்று வெளியே சொல்ல முடியாத ஊர் இது. கடலுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப சோத்துக்கு என்ன பண்ணுவ?"

சரி, வசதிகள் இல்லையா என்றால் காகிதத்தில் இருக்கின்றன. மனநலச் சட்டம் 2017, சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம், தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. தேவைப்படுகிறவர்கள் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், உண்மையாகவே பேசுவார்கள். ஆனாலும் 2015-16இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது என்ன? மனநோய் உள்ளவர்களில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள். நாடு முழுக்க இப்படி என்றால் பாலத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் தீவு எப்படி இருக்கும்?

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ரயிலும் மண்டபத்தோடு நின்றது. மாதாமாதம் மருந்து வாங்க வேண்டியவர் ஒரு மாதம் போகமாட்டார், அடுத்த மாதம் விட்டுவிடுவார், மூன்றாவது மாதம் நோய் திரும்பிவிடும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் தெரிந்தவர் உட்கார்ந்திருப்பார், எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே போகாதவர்களை எனக்குத் தெரியும்.

இப்படி விட்ட இடத்தில்தான் ஏர்வாடி வருகிறது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மனசு கலங்கினால் முதலில் தோன்றும் இடம் அந்தத் தர்காதான், மதம் பார்க்காமல் போவார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது, நாடே பதறியது, காப்பகங்களை மூடினார்கள். இந்தச் சம்பவத்தை மூடநம்பிக்கைக்கு உதாரணமாகவே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. அந்த 28 பேரின் குடும்பங்களுக்கு வீட்டுப் பக்கத்தில் மருந்தும் டாக்டரும் இருந்திருந்தால் எத்தனை பேர் அங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள்? பிறகு தர்காவிலேயே துஆ என்ற பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. மக்கள் ஏற்கனவே நம்பி வருகிற இடத்துக்கு டாக்டர் போனார். கடற்கரைக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

அக்கரையையும் மறந்துவிட்டுப் பேசக்கூடாது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள் நம்மைப் போலவே கடலை நம்பியவர்கள், நம் மொழி பேசுகிறவர்கள். நம் இழுவைப் படகுகள் அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகும்போது அங்கேயும் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இதைச் சொன்னால் இங்கே சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. அவர்கள் 2009 வரை போரில் இருந்தவர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017இலிருந்து கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் அங்கே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனித்தனி ஆட்களுக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்குமே விழுகிற காயம் என்று பல வருடமாக எழுதிவருகிறார். ராமேஸ்வரத்தில் இருந்து அதைப் படித்தால் எங்கள் தெருவைப் பற்றி எழுதியதுபோல இருக்கிறது. மனநல நிபுணர்கள் மிகக் குறைவாக இருந்த அந்த நாடு, சாதாரண மருத்துவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி கொடுத்து மனநல அலுவலர்களாக ஊர்ஊராக அனுப்பியது. நிபுணர் வரும்வரை காத்திருக்கவில்லை. நாம் கற்றுக்கொள்ள அங்கே நிறைய இருக்கிறது. மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் ஈழத்து உறவுகளுக்கும் இந்தப் பதிவில் கேட்பது அனைத்தும் பொருந்தும். அவர்கள் காத்திருப்பு நம்முடையதைவிட நீளம்.

என் கோரிக்கை பெரிய கட்டடம் இல்லை. கைதானவர் பட்டியல் மீன்வளத் துறைக்கு வரும் அன்றே, குடும்பத்தின் சம்மதத்தோடு, மாவட்ட மனநலக் குழுவுக்கும் போக வேண்டும். மூன்று நாளைக்குள் ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மனநலம் என்று எழுதிய வண்டி வாசலில் நிற்கக் கூடாது. சாதாரணமாக வரட்டும், உதவித்தொகைப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கட்டும், கோர்ட் தகவலைச் சொல்லட்டும், அதோடு தூக்கத்தைப் பற்றியும் கேட்கட்டும். விடுதலையாகி வருகிறவருக்கு உடம்பைப் பரிசோதிக்கும்போது மனதையும் பரிசோதிக்கட்டும். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வந்த முதல் வாரத்தில் எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள்.

மருந்துக்குப் புது வழி தேட வேண்டியதே இல்லை. 2021இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் அதே அக்காவின் அதே பையில் மனநல மாத்திரையும் வரலாம், பக்கத்து வீட்டுக்கு வித்தியாசம் தெரியாது. டாக்டர் வரும் நாளை, படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் எல்லாரும் கரையில்தான் இருக்கிறார்கள், குடியும் கடனும் அப்போதுதான் கூடுகிறது. முகாம் போட அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு ஒரு பஸ்ஸிலேயே வீடியோவில் டாக்டரைப் பார்க்கவும் மருந்து வாங்கவும் வசதி செய்து ஊர்ஊராக ஓட்டிக் காட்டியது. அது பாம்பன் பாலத்தைத் தாண்டி வர முடியாதா?

"படகை மீட்டுக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும், இதெல்லாம் எதுக்கு?" என்று எங்கள் பெரியவர்களே கேட்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கைது நிற்காமல் இந்த வலி தீராது, மாத்திரை கொடுத்து அரசியல் பிரச்சினையை மூடிவிடவும் கூடாது. ஆனால் இரண்டு நாடும் பேசி முடிக்கும்வரை இந்தப் பெண்களும் பிள்ளைகளும் எப்படி இருப்பார்கள்? ஐம்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த மீனவர் குறைதீர்க் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்க நாங்கள் சிலர் எழுதிக்கொண்டிருக்கிறோம். சங்கத்துக்காரர்கள், பங்குப் பேரவையில் இருப்பவர்கள், ஜமாத்தார், சுகாதாரத் துறையில் வேலை செய்யும் நண்பர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். கைதாகித் திரும்பியவர்களின் வீட்டுப் பெண்கள் யாராவது இதைப் படித்தால், மனுவில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும், அக்கா. பெயர் வெளியே வராது.